இரண்டு ‘நான் யார்’

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் ஒரு மனிதரின் பெயர் நான்கு முறை உச்சரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு ‘ஹெர்’ சேர்த்து. ‘திரு’ என்பதற்கு ஜெர்மனியில் ‘ஹெர்’. அந்தப் பெயருக்கு உரியவர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணினியைத் தொட்டுக்கூட இருக்கமாட்டார். அவருடைய மகள்தான் சென்னையில் இருந்தபடி எங்கள் சர்வர்களைக் கவனித்துக்கொண்ட குழுவில் ஒருவர்.

குழப்பத்துக்குக் காரணம் எளிமையானது. அந்த நிறுவனத்தில் பயனர் கணக்கு என்றால் முதற்பெயரின் முதல் எழுத்து, அதையடுத்து குடும்பப்பெயர். நமக்கு ஏது குடும்பப்பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். அதனால் அந்தப் பெண்ணின் கணக்கு அவருடைய அப்பாவின் பெயரில் இருந்தது. என்னையும் இந்த நாட்டில் எல்லோரும் என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இது நடந்தது 2015 ஜூன் 22. ஹன்னோவருக்குப் பக்கத்தில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம். நான் அங்கே வெளி ஆலோசகன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் நீளும். முந்தைய நாள், ஞாயிறு அதிகாலை 2:10-க்கு, வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த ஜூன் மாத ஆர்டர் கோப்புகள் ஏறக்குறைய எல்லாமே சர்வரிலிருந்து அழிந்திருந்தன. அந்தக் கோப்புறைக்குக் கண்காணிப்பு போட்டிருந்தோம். ஆடிட் பதிவில், அழிப்பைச் செய்த கணக்கு எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கணக்கு என்று இருந்தது. ஆனால் அதே வரியில், முதலில் நுழைந்தவர் யார் என்ற இடத்தில், அந்தப் பெண்ணின் எண் இருந்தது.

“உங்களுக்கு அவர்கள் மொழி தெரியும். மதியத்துக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்” என்றார் துறைத் தலைவர்.

மேசையில் இருந்த ஒருவர், தனிநபரின் பதிவுகளைப் பார்ப்பதற்கு முன் பெட்ரீப்ஸ்ராட்டைக் கேட்கவேண்டாமா என்றார். பெட்ரீப்ஸ்ராட் என்பது ஊழியர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் மன்றம். ஊழியரின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பக் கருவியையும் அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் நிறுவனம் கொண்டுவர முடியாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் இருக்கிறது. இந்த நாட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்னென்ன கேட்கலாம் என்று மக்கள் வழக்குப் போட, தன்னைப் பற்றிய தகவல் தன் கையில் இருப்பது ஒருவரின் அடிப்படை உரிமை என்று 1983-ல் அரசியல் சாசன நீதிமன்றமே தீர்ப்பளித்த நாடு இது.

“அவர் நம் ஊழியர் இல்லையே, வெளியாள்தானே” என்றார் தலைவர். பேச்சு அத்தோடு முடிந்தது. நானும் தலையாட்டினேன். நானும் வெளியாள்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கணினித் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். யூனிக்ஸில் ‘நான் யார்’ என்று கேட்க இரண்டு வழி உண்டு. மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி ‘ஹூஆம்ஐ’ என்று அடித்தால், இந்த நொடியில் எந்தக் கணக்கின் அதிகாரத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். இடைவெளி விட்டு ‘ஹூ ஆம் ஐ’ என்று அடித்தால், வாசலில் எந்தப் பெயரைச் சொல்லி உள்ளே வந்தீர்கள் என்று சொல்லும். ரமணர் கேட்ட கேள்விதான். இங்கே உடனே பதில் வந்துவிடும், அதுவும் இரண்டு பதில்கள்.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? நான் காலையில் என் பெயரில் நுழைகிறேன். ஒரு நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டவேண்டும். அந்த அதிகாரம் பொதுக் கணக்குக்குத்தான் உண்டு. ‘எஸ்யு’ என்ற கட்டளையை அடித்து அந்தக் கணக்குக்கு மாறுகிறேன். அதன்பின் நான் உருவாக்கும் கோப்பு, அழிக்கும் கோப்பு எல்லாம் பொதுக் கணக்கின் பெயரில்தான் பதியும். பத்துப் பேர் மாறி மாறி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால், சட்டை மட்டும்தான் தெரியும், உள்ளே இருக்கும் ஆள் தெரியாது.

இதற்கு மாற்றாக 1980-ல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட கட்டளை ‘சூடு’. அதன் சரியான உச்சரிப்பு பற்றிச் சண்டைகள் உண்டு, ஆனால் தமிழர்களுக்கு அது சூடுதான். பொருத்தமான பெயர். மாட்டுக்குச் சூடு போடுவதுபோல, ஒவ்வொரு கட்டளைக்கும் யார், எந்த நேரத்தில், யாருடைய அதிகாரத்தில் என்று ஒரு வரி பதிந்துவிடும். தழும்பு மறையாது. எஸ்யுவில் மாறிய கணம் மட்டும் பதியும். மாறிய பிறகு என்ன செய்தார் என்பது பதியாது.

லினக்ஸ் இன்னொன்றும் செய்கிறது. கண்காட்சி வாசலில் கையில் முத்திரை குத்துவார்களே, அதுபோல முதலில் நுழைந்தவரின் எண்ணை அவருடைய அமர்வின்மேல் குத்திவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை கணக்கு மாறினாலும், அந்த அமர்வில் பிறக்கும் ஒவ்வொரு நிரலும் அதே முத்திரையோடு பிறக்கும். ஆடிட் பதிவு அந்த முத்திரையைத்தான் படிக்கிறது. அன்று எங்களுக்குக் கிடைத்தது அதுதான். மதியம் பன்னிரண்டுக்கு முன் என் ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டேன். ‘அழிப்பு இன்னாரின் அமர்விலிருந்து செய்யப்பட்டுள்ளது’ என்று தெளிவான ஜெர்மனில் ஒரு வாக்கியம். அதில் பொய் எதுவும் இல்லை.

அனுப்பிய பிறகுதான் சென்னைக்குப் போன் செய்தேன். முறைப்படி முன்னால் செய்திருக்கவேண்டும்.

“சார், அதுல என் பேர்தான் இருக்கா?”

“உங்க நம்பர் இருக்கும்மா.”

“அது நம்ம ஊர்ல காலைல அஞ்சே முக்கால் சார், ஞாயித்துக்கிழமை. நான் சர்ச்சுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். லேப்டாப்பையே திறக்கல. அந்த சர்வருக்குள்ள போயே ரொம்ப நாளாச்சு. நீங்க ‘லாஸ்ட்’ போட்டுப் பாருங்க சார்.”

‘லாஸ்ட்’ என்பது யார் எப்போது நுழைந்தார், வெளியேறினார் என்று பட்டியல் தரும் கட்டளை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். மாலையில் வீட்டுக்குப் போகும் டிராமில்தான் அந்தப் பேச்சு மறுபடி மனதில் ஓடியது. ஹன்னோவர் டிராமில் அது ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு.

முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் வாசித்த முதல் தொழில்சார்ந்த புத்தகம் கிளிஃபர்ட் ஸ்டோலுடையது. ஸ்டோல் ஒரு வானியலாளர். 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கு வழக்கில் 75 சென்ட் இடித்தது. அது ஏன் என்று பார்க்கும் வேலை அவருக்கு வந்தது. கணினியைப் பயன்படுத்தியதற்குப் பணம் கட்டும் முகவரி இல்லாத ஒரு கணக்கு உள்ளே முளைத்திருந்தது. அதை எடுத்தார்கள். அடுத்து, ஸ்வென்டெக் என்ற கணக்கிலிருந்து யாரோ மற்ற கணினிகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது. ஜோ ஸ்வென்டெக் அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர், கெட்டிக்காரர். ஆனால் அப்போது அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

பெயர் கிடைத்தவுடன் ஸ்டோல் நிறுத்தவில்லை. வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரிண்டர்களைக் கட்டி, உள்ளே வருபவன் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எடுத்தார். வந்தவன் ஸ்வென்டெக்கின் கணக்கில் நுழைந்து, கடிதங்களை இடம் மாற்றும் ஒரு சிறிய நிரலில் இருந்த ஓட்டை வழியாகச் சூப்பர் யூசர் ஆனான். அந்த நிரலுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்து வைத்திருந்தார்கள். தடம் வர்ஜினியாவில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. அங்கேயும் அவன் விருந்தாளிதான். பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி, ஜெர்மன் தபால் துறையின் டேட்டெக்ஸ்-பி வலையமைப்பு, பிரேமன் பல்கலைக்கழகம், கடைசியில் ஹன்னோவர். இங்கே தொலைபேசி நிலையத்தில் பழைய இயந்திர ஸ்விட்சுகள். தொழில்நுட்பர் கையாலேயே கம்பியைப் பின்தொடரவேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அவனை இணைப்பில் உட்காரவைப்பதற்காக, ராணுவ ரகசியம்போலத் தோன்றும் பொய்க் கோப்புகளை ஸ்டோல் உருவாக்கி வைத்தார். அவன் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் வீடு வரை கம்பி பிடிபட்டது. மார்குஸ் ஹெஸ் என்ற இளைஞர். சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற குழுவில் ஒருவர். 1990-ல் இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் செல்லே நகர நீதிமன்றத்தில் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை கிடைத்தது, உள்ளே போகவேண்டியிராத இடைநிறுத்தப்பட்ட தண்டனை.

மாணவனாக வாசித்தபோது எனக்கு அது துப்பறியும் கதை. அன்று டிராமில் நினைத்துப் பார்த்தபோது ஸ்வென்டெக் மட்டும்தான் கண்ணில் பட்டார். ஸ்டோலின் இடத்தில் அவசரக்காரன் ஒருவன் இருந்திருந்தால், ‘ஸ்வென்டெக்கின் அமர்விலிருந்து செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான். அதிலும் பொய் எதுவும் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து மறுபடி சர்வருக்குள் போனேன். வெளியே ஜூன் மாத வெளிச்சம் இன்னும் அடங்கவில்லை. ஆடிட் வரியைக் காலையில் நான் பாதிதான் படித்திருந்தேன். முத்திரை எண்ணைப் பார்த்ததும் கண் நின்றுவிட்டது. மீதியைப் படித்தேன். எந்த டெர்மினலிலிருந்து என்ற இடத்தில் ‘எதுவுமில்லை’ என்று இருந்தது. ஒரு மனிதர் உட்கார்ந்து அடித்திருந்தால் அங்கே ஒரு டெர்மினல் பெயர் இருந்திருக்கும். அழித்தது எந்த நிரல் என்ற இடத்தில், கையால் அழிக்கும்போது வரும் கட்டளை இல்லை. ஜாவா என்று இருந்தது. அதாவது ஆர்டர் மென்பொருளே தன் கோப்புகளைத் தானே அழித்திருக்கிறது. அமர்வு எண்ணைப் பின்னோக்கித் தேடினேன். அது ஜூன் 2-ஆம் தேதி தொடங்கிய அமர்வு. ‘லாஸ்ட்’ பட்டியலிலும் அந்தப் பெண் அந்த சர்வருக்குள் கடைசியாக வந்தது அன்றுதான்.

ஜூன் 2 அன்று என்ன? தேடினேன். ஆர்டர் மென்பொருள் தொங்கிவிட்டது, நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள் என்று ஒரு வேண்டுகோள் சென்னைக்குப் போயிருந்தது. அனுப்பியவன் நான். அந்தப் பெண் தன் பெயரில் நுழைந்து, எஸ்யு போட்டுப் பொதுக் கணக்குக்கு மாறி, மென்பொருளைக் கையால் ஓட்டிவிட்டு வெளியேறியிருக்கிறார். ஆறு நிமிட வேலை. ஆனால் அவர் அமர்வில் பிறந்த அந்த நிரல் அவருடைய முத்திரையோடு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வீட்டுக்குப் போனார், தூங்கினார், அடுத்த நாள் வேறு சர்வரைப் பார்த்தார். பத்தொன்பது நாட்களுக்கு அந்த மென்பொருள் செய்த ஒவ்வொன்றும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. இன்றைய லினக்ஸில் இப்படிப்பட்ட சேவைகளை சிஸ்டம்டி என்ற தாய் நிரலே பெற்றெடுக்கிறது. யார் கேட்டாலும் முத்திரை இல்லாமல்தான் பிறக்கும். எங்களுடையது பழைய சர்வர்.

மென்பொருளை அழிக்கச் சொன்னது யார்? அதன் அமைப்புக் கோப்பு வெள்ளிக்கிழமை மாலை 4:47-க்கு மாற்றப்பட்டிருந்தது. உரிமையாளர் பொதுக் கணக்கு. அந்தக் கோப்புக்கு நாங்கள் கண்காணிப்பு போட்டிருக்கவில்லை. பொதுக் கணக்கின் கட்டளை வரலாற்றில் திருத்தம் இருந்தது, திருத்தியவர் பெயர் இல்லை. எஸ்யு மாறிய கணத்தைப் பதியும் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பதிவைத் திறந்தேன். வெள்ளி மாலை 4:41. ஒரே ஒரு வரி. அதில் இருந்த எண் என்னுடையது.

எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டு நிரம்பிக்கொண்டே வந்தது. வார இறுதிக்குள் சரிசெய்துவிடலாம் என்று பழைய கோப்புகளைத் தானாக நீக்கும் வரியைச் சேர்த்து, 30 என்று போட்டேன். முப்பது நாள் என்று நினைத்து. கையேட்டைத் திறந்து பார்த்தேன். ‘ஷ்டுண்டன்’ என்று இருந்தது. மணிநேரம். முப்பது மணிநேரத்துக்கு முந்தைய எல்லாவற்றையும், வாரம் ஒருமுறை, ஞாயிறு 2:10-க்கு அழித்துவிடு என்று அதற்கு நான் சொல்லியிருக்கிறேன். அது சொன்னதைச் செய்தது, இன்னொருவர் முத்திரையோடு.

இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. சென்னையில் நள்ளிரவு தாண்டியிருக்கும். “சார், என் ஆக்சஸ் எல்லாம் கட் பண்ணிட்டாங்க. எக்ஸ்பிளனேஷன் லெட்டர் கேக்கிறாங்க. நான் என்ன எழுதறது?”

என் ஒரு பக்கம் மதியமே ஜெர்மனிலிருந்து ஆங்கிலமாகி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் நான் எழுதிய பதில்: “காலைல பேசறேன்மா. கவலைப்படாதீங்க.”

அந்த இரவு நான் என்ன யோசித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருள் இல்லை. அந்த எஸ்யு பதிவு வாரம் ஒருமுறை மடித்து வைக்கப்படும், நான்கு மடிப்புக்குமேல் பழையது தானாகப் போய்விடும் என்று யோசித்தேன். அமைப்புக் கோப்பை யாரும் பார்க்கப்போவதில்லை என்று யோசித்தேன். ‘மென்பொருளின் பிழை, தனிநபர் யாரும் பொறுப்பில்லை’ என்று இரண்டாவது பக்கம் எழுதினால் அந்தப் பெண்ணும் தப்பிவிடுவார், நானும் தப்பிவிடுவேன் என்று வெகுநேரம் யோசித்தேன். அந்த வாக்கியத்தை ஜெர்மனில் மனதுக்குள் எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. செப்டம்பரில் ஒப்பந்தம் நீளவேண்டும், வீட்டுக் கடன் இருக்கிறது என்பதும் அதோடு ஓடிக்கொண்டிருந்தது.

என்னைத் தடுத்தது பெரிய அறவுணர்ச்சி என்று சொல்லமாட்டேன். எழுந்திருக்கும் கேள்வி எனக்குத் தெரியும், அவ்வளவுதான். பிழை என்றால் திருத்தவேண்டும். திருத்தவேண்டும் என்றால் கோப்பைத் திறக்கவேண்டும். திறப்பவர் அந்த 30-ஐப் பார்ப்பார். யார் போட்டது என்று கேட்பார். பொதுக் கணக்கு என்று பதில் வரும். அடுத்த கூட்டத்தில் மறுபடி யாரோ ஒரு ‘ஹெர்’ உச்சரிக்கப்படுவார். அது நானாக இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் துறைத் தலைவரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஆடிட் வரியைப் பார்க்கவேண்டும் என்றார். காட்டினேன். டெர்மினல் இல்லை, ஜாவா, ஜூன் 2, 4:41. ஒவ்வொன்றாகப் படித்தார்.

“அப்படியானால் இந்த மனிதர் எதுவும் செய்யவில்லை.”

“அவர் மனிதர் இல்லை, பெண்” என்றேன். “இது அவருடைய அப்பாவின் பெயர்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதை அப்படியே எழுதிக் கொடுங்கள், இரண்டு மொழியிலும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். இந்த முறை சென்னைக்கு நானே அனுப்பினேன்.

கோப்புகளில் பெரும்பகுதி அதற்குள் பேக்கப்பிலிருந்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த ஆர்டர்களை மட்டும் வாடிக்கையாளர்களிடம் மறுபடி கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெண்ணின் அனுமதிகள் வியாழக்கிழமை திரும்பக் கிடைத்தன. பொதுக் கணக்குக்கு எஸ்யுவால் மாறுவதை நிறுத்தி, எல்லோரும் சூடு வழியாகத்தான் போகவேண்டும் என்று மாற்றினோம். அமைப்புக் கோப்புகளுக்கும் கண்காணிப்பு வந்தது. அதற்கு பெட்ரீப்ஸ்ராட்டின் ஒப்புதலை முறைப்படி வாங்கினார்கள். பதிவுகளை எந்தச் சந்தர்ப்பத்தில், யார் முன்னிலையில் திறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி உண்டு. வெளி நிறுவனத்தினருக்கும் அதுவே பொருந்தும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சேர்த்தார்கள். செப்டம்பரில் என் ஒப்பந்தம் நீளவில்லை. காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் பொறுப்புகளை ஒப்படைக்கச் சென்னைக் குழுவோடு பேசவேண்டியிருந்தது. மற்றவர்கள் இணைப்பிலிருந்து போன பிறகும் அந்தப் பெண் இருந்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

“அன்னைக்கு ராத்திரி நான் மெசேஜ் போட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ம்” என்றார்.

அதன்பிறகு சர்வர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தோம்.